முதல் டம்ளர்

மேஸ்திரி ஒரு பூட்டைச் சரி செய்தால், தான் உள்ளே போய் நின்றுகொண்டு வெளியிலிருந்து பூட்டச் சொல்வார். ஒரு ஜவுளிக்கடையின் சரக்கறைக்குள் அப்படி நின்று, பூட்டு விழுந்து, பிறகு திறக்க வராமல், சாப்பாட்டு வேளை தாண்டும்வரை உள்ளேயே இருந்தார். கடைக்காரர் வெளியில் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். உள்ளேயிருந்து மேஸ்திரியின் குரல் மட்டும் தெம்பாக வந்தது. "இன்னாத்துக்குப்பா பதர்றே? மாட்டிக்கினது நான்தானே? உன் பொண்டாட்டி மாட்டிக்கினு இருந்தா இன்னா பண்ணியிருப்பே?" கடைசியில் கதவின் கீலைக் கழற்றித்தான் அவரை வெளியே கொண்டுவந்தார்கள். வந்தவர் வெட்கப்பட்டாரா என்றால் அதுதான் இல்லை. "அப்பவே நெனச்சேன்" என்று சொல்லிவிட்டு, பூட்டை வாங்கி மறுபடி பிரித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

அவருக்குப் பெயர் ஒன்று இருந்தது. பெரிய காஞ்சிபுரத்திலும் சரி, சின்னக் காஞ்சிபுரத்திலும் சரி, யாரும் அதைச் சொல்லி அவரைக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. எல்லோருக்கும் மேஸ்திரி. பட்டு நெய்கிற குடும்பத்தில் பிறந்தவர். தறிக்குழியில் கால் நுழையாத அளவுக்கு உடம்பு வளர்ந்துவிட்டது என்று அவரே சொல்வார். அண்ணன் தறியில் உட்கார, தம்பி ரயில் பட்டறை, அரிசி மில் என்று இரும்போடு சுற்றிவிட்டு, நடுவயதில் ஊர் திரும்பி அண்ணன் வீட்டிலேயே தங்கிவிட்டார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அடக்கம் என்பது அவரிடம் மருந்துக்கும் கிடையாது. "இந்தக் கை இல்லேன்னா காஞ்சிபுரத்துல பாதிக் கதவு மூடாது, பாதிக் கதவு தொறக்காது" என்று கையை நீட்டிக் காட்டுவார். கிட்டத்தட்ட உண்மைதான்.

ஆனால் ஊர் அவரைப் பேசிச் சிரித்தது வேலைக்காக அல்ல. சரி செய்த எதையும் தன் உடம்பில் சோதித்துப் பார்க்காமல் ஒப்படைக்க மாட்டார், அதற்காகத்தான். கிணற்று ராட்டினத்துக்கு அச்சு மாற்றினால், கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு தன்னை இறக்கச் சொல்வார். வீட்டுக்கார அம்மாள், "குடத்தை விட்டுப் பாத்தா போறாதா?" என்று கேட்டால், "கொடம் உழுந்தா கொடம்தான் போச்சு. அத எடுக்க ஒருத்தன் எறங்குவான் பாரு, அவனுக்காவத்தான்" என்பார். ஒரு வீட்டில் குழந்தைக்குப் பெயர் வைக்கிற நாள். தொட்டில் சங்கிலியைப் பற்றவைத்துக் கொடுத்தவர், கூடியிருந்த அத்தனை பேர் முன்னாலும் சங்கிலியை இரண்டு கையாலும் பிடித்து, முழங்காலை மடக்கித் தொங்கினார். உத்தரத்துப் புழுதியெல்லாம் குழந்தையின் அம்மா கட்டியிருந்த புதுப் புடவையில் கொட்டியது. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. மேஸ்திரி இறங்கி, கையைத் தட்டிக்கொண்டு, "இப்ப போடு கொழந்தைய" என்றார்.

எனக்கு அவர் பழக்கமானது என் மாமாவின் காபி கிளப்பில். மாமா என்றால் அம்மாவின் தம்பி. சின்னக் காஞ்சிபுரத்தில் வரதர் கோயிலுக்குப் போகிற வீதியில் கிளப். முன்னால் கூடம், அதில் பிராமணர்களுக்கு மணைப்பலகை. வெளியே தாழ்வாரத்தில் மற்றவர்களுக்கு ஒரு நீள பெஞ்சு. கூடத்துக்குப் பின்னால் அடுப்படி, அதற்கும் பின்னால் நாங்கள் குடியிருந்த அறைகள். யார் எங்கே உட்கார்ந்து குடிக்கலாம் என்று வாசலில் பலகையே தொங்கும். இன்றைக்குச் சொல்லக் கூசுகிறது. அன்றைக்கு அந்தப் பலகையை யாரும் நின்று படித்ததாக எனக்கு நினைவில்லை, அவ்வளவு சாதாரணமாக இருந்தது. எனக்குப் படிப்பு ஏறவில்லை, காபி போட வந்தது. மாமா என்னை அடுப்படியில் நிறுத்திக்கொண்டார். கல்யாணமும் செய்துவைத்தார்.

மாமாவுக்குப் பட்டணம் போனால் எதையாவது வாங்கிக்கொண்டு வருகிற வியாதி உண்டு. ஒருமுறை மவுண்ட் ரோடு பக்கம் வெள்ளைக்காரர் ஓட்டல் ஒன்றை மூடி, சாமான்களை ஏலம் போட்டார்கள். மாமா ஏலம் எடுத்தது ஒரு காபி மிஷின். இத்தாலி தேசத்துச் சரக்கு. ஆள் உயரப் பித்தளை உருளை, பக்கத்துக்குப் பக்கம் குழாய்கள், தலையில் இறக்கை விரித்த ஒரு பருந்து. அந்தப் பருந்தைக் கருடன் என்று மாமா தீர்மானித்துவிட்டார். வாங்கியதற்குப் பாதிக் காரணம் அதுதான் என்று நினைக்கிறேன்.

மிஷினுக்கு அடியில் கரி போட்டால் உள்ளே தண்ணீர் கொதித்து ஆவி கட்டும். ஒரு குழாய் வழியாக வெந்நீர் காபிப்பொடியில் பாய்ந்து கறுப்பாக டிகாக்ஷன் இறங்கும். இன்னொரு குழாயின் மூக்கைப் பால் செம்புக்குள் விட்டு, அதற்கு மேலே இருக்கிற வால்வைத் திருகினால், ஆவி சீறிக்கொண்டு வந்து பால் நுரைத்துப் பொங்கும். கோயிலுக்கு வந்தவர்கள் பெருமாளைச் சேவித்துவிட்டு எங்கள் கருடனையும் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். மாமாவுக்குத் தலைகால் புரியவில்லை.

வினை அந்த வால்வில் இருந்தது. மிஷினைப் பொருத்த வந்த பட்டணத்து ஃபிட்டர், ரயிலுக்குக் கிளம்பும்போது ஒரு வார்த்தை சொன்னான். வால்வின் கழுத்தில், தண்டு சுழல்கிற இடத்தில், ஆவி கசியாமல் இருக்கச் சணல் நூலைச் சுற்றி அடைத்திருக்கிறது. அது காய்ந்துபோனால் மறுபடி கொஞ்சம் மாட்டுக்கொழுப்பு தடவிக்கொள்ளுங்கள் என்றான். மறுபடி என்றால், ஏற்கெனவே தடவியிருக்கிறது என்று அர்த்தம். அந்த ஆவி பட்ட பாலை வேத பாராயணம் செய்கிறவர்கள் உட்பட வீதியே குடித்திருந்தது. மாமா அவனை அனுப்பிவிட்டு நேரே குளத்துக்குப் போய் முழுகிவிட்டு வந்தார். விஷயம் தெரிந்தது மாமாவுக்கும் எனக்கும் என் மனைவிக்கும் மட்டும்தான். அந்த நூலை இடுக்கியால் பிடுங்கிக் கொல்லையில் புதைத்தோம். மிஷினைப் புளி போட்டுத் தேய்த்து, தீட்டுக் கழியப் புண்ணியாகவாசனத் தீர்த்தம் தெளித்தோம்.

பிறகு அந்த இடத்தில் எதை அடைப்பது? மாமா என் மனைவியைக் கூப்பிட்டு, விளக்குத்திரி திரித்துத் தரச் சொன்னார். அதைப் பசுநெய்யில் ஊறப்போட்டு வால்வின் கழுத்தில் சுற்றினார். மாட்டின் கொழுப்பு போன இடத்தில் மாட்டின் நெய். மாமாவின் சாஸ்திரத்தில் அதற்கு மேல் ஒரு பொருத்தம் கிடையாது. சில நாள் பாலில் நெய் மிதந்தது. காபி மணக்கிறது என்று வாடிக்கைக்காரர்கள் இன்னொரு டம்ளர் கேட்டுக் குடித்தார்கள்.

நெய் உருகி வடிந்துபோனதும் திரி கருகிவிட்டது. ஒரு நாள் காலையில் நான் வால்வைத் திறக்கிறேன், கழுத்திலிருந்து ஆவி பீறிட்டு என் மணிக்கட்டில் அடித்தது. வேலை மும்முரத்தில் குனிந்திருந்தால் முகத்தில் அடித்திருக்கும். கையை உதறிக்கொண்டு பின்னால் சாய்ந்தேன், செம்பு கவிழ்ந்து பால் ஓடியது. வால்வு மூடவும் வரவில்லை. கரியை வாரி வெளியே கொட்டி, அது ஆறுகிறவரைக்கும் எல்லோரும் கூடத்தில் நின்றோம். வைகாசி கருடசேவை நெருங்கிக்கொண்டிருந்த சமயம். கருடசேவைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் கருடன் காபி கொடுப்பான் என்று மாமா ஊர் முழுக்கச் சொல்லிவைத்திருந்தார். வேறு வழியில்லாமல் மேஸ்திரிக்கு ஆள் போயிற்று.

அவர் வந்து, வால்வைப் பிரித்து, கருகிய திரியைக் கம்பியால் வெளியே இழுத்தார். மூக்கருகில் வைத்து மோந்து பார்த்தார். மாமாவை ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னா சாமி, உள்ள வெளக்கு ஏத்தி வெச்சீங்களா?"

மாமா குரலைத் தாழ்த்திக் காரணத்தைச் சொன்னார். மேஸ்திரி சிரிப்பார் என்று நான் எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. "ஆசாரம் உங்க பாடு. கசியாத நூலு என் பாடு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் வரும்போது ஒரு சின்னப் பொட்டலம் கொண்டுவந்தார். அவருடைய அண்ணன் தறியில் புடவை அறுத்த பிறகு மிஞ்சுகிற பட்டு நூல் துண்டுகள். அதைக் கயிறாக முறுக்கி, விளக்கெண்ணெயில் பென்சில் கரியைப் பொடித்துக் குழைத்து, அதில் ஊறவைத்திருந்தார்.

"பட்டு, சாமி. மடியா, மடி இல்லியா? நீங்களே சொல்லுங்க."

மாமாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. "பட்டுக்கு ஏதுடா தீட்டு!" என்று கூவினார்.

"அதான. ஆனா ரொம்ப நாளு தாங்காது. ஆவியில வெந்துபோவும். மாசா மாசம் மாத்தணும். அதையும் இப்பவே சொல்லிட்டேன்."

அன்று பூராவும் வேலை செய்தார். வால்வு உட்காருகிற இடத்தில் கோடு விழுந்திருந்தது. நைசான மணலையும் எண்ணெயையும் வைத்துத் திருப்பித் திருப்பி அரைத்தார். நடுநடுவே குழாயில் வாயை வைத்து ஊதி, காற்று தப்புகிறதா என்று காதைக் கொடுத்துக் கேட்டார். பட்டை வைத்து அடைத்து, அதன்மேல் நட்டை முடுக்கினார். மாமா வந்து, "ஆச்சா?" என்றார்.

"வேலை ஆச்சு. சோதனை ஆவல. கரியப் போடுங்க, ஆவி கட்டட்டும். பாலு கொண்டாங்க. நான் தொறக்கிறேன். மொத டம்ளர் நான் குடிக்கிறேன். அப்புறம் உங்க மிஷினு."

மாமா தயங்கினார். அவருடைய சங்கடம் எனக்குப் புரிந்தது. மிஷின் ஆறிக்கிடக்கும்போது மேஸ்திரி தொடலாம், பிறகு கழுவிக்கொண்டால் ஆயிற்று. நெருப்பு மூட்டிப் பால் வைத்துவிட்டால் அது அடுப்படி. அங்கே அவர் நிற்கக்கூடாது. அங்கே நின்று குடிப்பது என்பது கேள்வியே இல்லை. மாமா என்னைக் காட்டிச் சொன்னார்:

"நெருப்பு போட்டப்புறம் நீ உள்ளே இருக்கப்படாது மேஸ்திரி. உனக்குத் தெரியாததா? அம்பி தொறப்பான். முதல் டம்ளர் உனக்குத்தான். பெஞ்சுக்கு நானே கொண்டுவந்து தரேன்."

"பெஞ்சுல குந்திக் குடிக்க எனக்கு ஒண்ணும் கொறச்சல் இல்ல சாமி. தெனம் குடிக்கிறவன்தான். தொறக்கும்போது சின்ன சாமி மூஞ்சி அதுக்கு நேரா இருக்கும், நான் வெளிய பெஞ்சுல குந்திக்கினு இருப்பேன். அது ஆவாது."

"அவன் ஜாக்கிரதையா தொறப்பான்."

"இவரு சம்சாரம் முழுகாம இருக்குது. இவரு மூஞ்சிய வெச்சு என் வேலையச் சோதிக்க மாட்டேன்."

மாமா கோபக்காரர். "அப்போ உன் வேலையே வேண்டாம், போ" என்றார். மேஸ்திரி வால்வின் கைப்பிடியைக் கழற்றினார், துணியில் சுற்றினார், இடுப்பில் செருகிக்கொண்டார். "வால்வு உங்களுது. அதுல என் வேலை இருக்குது. சோதிக்காம விட மாட்டேன்" என்று சொல்லிவிட்டு வாசலைத் தாண்டிப் போய்விட்டார். கைப்பிடி இல்லாத வால்வு கதவில்லாத வீட்டைப் போல நின்றது. இடுக்கியால் திருகலாம் என்று மாமா கிளம்பினார். இடுக்கியைக் காணோம். என் மனைவி அதைப் புடவைத் தலைப்பில் சுற்றிக் கையில் வைத்திருந்தாள் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும்.

கைப்பிடியை வாங்கிக்கொண்டு வா என்று மாமா என்னை அனுப்பினார். மேஸ்திரியின் அண்ணன் வீடு நெசவாளர் தெருவில் இருந்தது. உள்ளே தறிச் சத்தம். மேஸ்திரி நடையில் உட்கார்ந்து ஒரு சவரக்கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "தர மாட்டேன் சின்ன சாமி. உனுக்காவத்தான் தர மாட்டேன்" என்றார். கத்தியைத் தன் கன்னத்தில் வைத்து லேசாக இழுத்துப் பார்த்தார், மறுபடி தீட்டினார், மறுபடி இழுத்துப் பார்த்தார். பிறகு அதை உறையில் போட்டு எடுத்துக்கொண்டு, "ஐயம்பேட்ட போயிட்டு வரேன்" என்று கிளம்பிவிட்டார்.

நான் விழித்துக்கொண்டு நின்றேன். பட்டுக் கண்டிலிருந்து நூல் இழைத்துக்கொண்டிருந்த அவருடைய அண்ணி என்னைப் பார்த்து, "அது வாராவாரம் போவும், சாமி. அங்க ஒருத்தருக்கு மொகம் வழிச்சுவுட" என்றார்.

"யாருக்கு?"

"மில்லுல அதுங்கூட வேலை செஞ்சவரு. இது ஒரு வால்வ ரிப்பேரு பண்ணிட்டு, 'போய்த் தொற'ன்னு அவரண்ட சொல்லிட்டு, வெளிய வந்து வெத்தல போட்டுக்கினு நின்னுச்சாம். ஆவி மூஞ்சியிலயே அடிச்சிருச்சு. ரெண்டு கண்ணும் போச்சு. மொகத்துல தோலு ஒரு மாதிரி ஆயிருச்சா, சவரம் பண்ற ஆளு யாரும் கத்தி வெக்கப் பயப்படறாங்கோ. இதுதான் போவும். அந்தக் கத்தியக்கூட மொதல்ல தன் மூஞ்சியில வெச்சுப் பாத்துட்டுத்தான் அவருக்கு வெக்கும்." நூல் அறுந்துவிட்டது. அண்ணி அதை விரலால் முடிந்தார். "கண்ணாலம் பண்ணிக்கோன்னு எத்தினியோ சொல்லிப் பாத்தோம். கேக்கல."

திரும்பி வருகிற வழியெல்லாம் பூட்டும் ராட்டினமும் தொட்டில் சங்கிலியும் என் கண் முன்னால் நின்றன. ஊரே சிரித்த சிரிப்பில் நானும் சிரித்திருந்தேன். வீட்டில் மாமாவிடம் கேட்டதைக் கேட்டபடி சொன்னேன். மாமா விசிறியைக் கீழே வைத்தார். கதவோரம் நின்ற என் மனைவி, அவர் எதிரில் வாயே திறக்காதவள், அன்று பேசினாள்.

"மாமா, மேஸ்திரி உள்ளே வந்தா பாலுக்குத் தீட்டுன்னா, அந்தப் பாலைக் கொட்டிடலாம். இவர் முகம் வெந்துபோனா எதைக் கொட்டறது?"

"நீ உள்ளே போம்மா" என்றார் மாமா. அதட்டலாகச் சொல்லவில்லை. எழுந்து கோயிலுக்குப் போனார். திரும்பி வந்தவர் என்னிடம், "நாளைக்கு மத்தியானம், கூட்டம் இல்லாத நேரத்துல அவனை வரச் சொல்லு. இது ஒரு நாளைக்குத்தான், தெரிஞ்சுக்கோ" என்றார்.

மறுநாள் கதவை ஒருக்களித்து வைத்துக் கரியை மூட்டினேன். ஆவி கட்டுகிற சத்தம் கேட்டது. மேஸ்திரி இடுப்பிலிருந்து கைப்பிடியை எடுத்துப் பொருத்தினார். "எல்லாரும் அந்தாண்ட போங்க" என்றார். நான் கூடத்துக்கு வந்தேன், என் மனைவி பின்கட்டில் நின்றாள். மாமா மட்டும் அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு நகராமல் நின்றார். மேஸ்திரி பால் செம்பைக் குழாய் மூக்கில் கொடுத்து வால்வைத் திருகினார். சீறல் கேட்டது, பால் எழும்பத் தொடங்கியது. அந்தக் கணத்தில் வால்வின் கழுத்து வெண்மையாக ஆவியைத் துப்பியது.

அவருடைய முழங்கைக்குக் கீழே அடித்தது. அவர் கையை எடுக்கவில்லை. மெதுவாக, அவசரமே இல்லாதவர் போல, வால்வை மூடினார். வெடுக்கென்று மூடினால் அரைத்துவைத்த இடம் கெட்டுப்போகுமாம். பிறகுதான் கையை உதறினார். "நட்டு எறங்கியிருக்குது. பட்டு சூட்டுக்கு அமுங்கும்ல, அத மறந்துட்டேன்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, ஸ்பானரை எடுத்து முடுக்கினார். தோல் சிவந்து கொப்புளித்துக்கொண்டிருந்தது. மறுபடி திறந்தார். சீறல் குழாய் வழியாக மட்டும் வந்தது. கழுத்தில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. பால் பொங்கிச் செம்பின் வாய்வரை வந்து நின்றது.

"இப்ப வா சின்ன சாமி. இனிமே உன் வேலை" என்றார்.

நான் போய் டிகாக்ஷன் இறக்கி, கலந்து, ஆற்றினேன். டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் நின்றேன். மாமா உள்ளே வந்து அதை என் கையிலிருந்து வாங்கினார். நெருப்பு எரிந்துகொண்டிருந்த அடுப்படியில், மிஷினுக்குப் பக்கத்தில், மேஸ்திரியிடம் நீட்டினார். மேஸ்திரி தூக்கிக் குடித்தார். முழுவதும் குடித்து முடித்துவிட்டு, "வால்வு ஜோரு. சக்கரதான் பத்தல" என்றார்.

மாமாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்படியே அவருடைய கையைப் பார்த்தார். மாடத்தில் இருந்த தேன் சீசாவை எடுத்துவந்து, "நீட்டு" என்றார். மேஸ்திரி, "ஒண்ணும் இல்ல சாமி, பழக்கம்தான்" என்று பின்வாங்கினார். "நீட்டுடா" என்றார் மாமா. கையைத் தன் கையில் பிடித்துக்கொண்டு, கொப்புளத்தின்மேல் தேனை விட்டு, மயிலிறகால் தடவினார். மாமா தன் தெருவைத் தாண்டி ஒருவரைத் தொட்டு நான் பார்த்தது அதுவே முதல் தடவை.

இதைக் கேட்டுவிட்டு மாமா மாறிப்போனார் என்று நினைத்துவிட வேண்டாம். அன்று சாயங்காலமே அடுப்படியைக் கழுவி, தீர்த்தம் தெளித்து, பால் பானையை மாற்றினார். பலகை தொங்கிய இடத்திலேயே தொங்கியது. கருடசேவையன்று விடியற்காலையிலிருந்து கூட்டம். நான் அந்த வால்வுக்கு நேர் எதிரில் நின்று திறந்தேன், மூடினேன், திறந்தேன், மூடினேன். மேஸ்திரி வழக்கம்போல் வெளி பெஞ்சில், கையில் கட்டோடு உட்கார்ந்து, பக்கத்தில் யார் வந்து உட்கார்ந்தாலும், "உள்ள கத்துது பாரு, அது என் வால்வு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்த ஆவணியில் என் பெண் பிறந்தாள். அவளைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து காட்டியபோது, என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். பார்க்கும்போது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது மேஸ்திரிதான். வரதரைக்கூட அதற்குப் பிறகுதான் நினைத்தேன்.

பட்டு அவர் சொன்னபடியே மாசத்துக்குள் வெந்துபோயிற்று. அவர் வந்தார், மாற்றினார், கரி போடச் சொன்னார், முதல் டம்ளரை உள்ளே நின்று குடித்தார். மாமா, "இது ஒரு நாளைக்குத்தான்" என்றார். அடுத்த மாசமும் அதையே சொன்னார். அதற்கடுத்த மாசமும். மேஸ்திரியும் ஒவ்வொரு தடவையும், "ஆமா சாமி, ஒரு நாளைக்குத்தான்" என்று முகத்தை வைத்துக்கொண்டு ஒத்துக்கொள்வார். ஒருநாள் கூடத்தில் இருந்த பெரியவர் ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டார். எரிகிற நெருப்புக்குப் பக்கத்தில் இவர் டம்ளரும் கையுமாக நிற்கிறார். "என்ன ஓய் இது?" என்று கேட்டார். மாமாவுக்கு நெற்றி வியர்த்தது. "அவன் வேலையை அவன் சோதிச்சுப் பாக்கறான், ஸ்வாமி. நமக்காகத்தான்" என்றார். அந்தப் பெரியவரும் அவரைச் சேர்ந்தவர்கள் சிலரும் அதற்கப்புறம் வரவில்லை. எதிர்ச்சாரியில் இருந்த கிளப்புக்குப் போய்விட்டார்கள். மாமா வாசலில் நின்று அவர்கள் போவதைப் பார்ப்பார். அன்றைக்கெல்லாம் சாப்பாடு இறங்காது.

இப்படியே போய்க்கொண்டிருந்தபோது, மேஸ்திரி பட்டணத்துக்கு ஏதோ சாமான் வாங்கப் போனார். வந்தவர் நேரே கிளப்புக்கு வந்தார். கையில் வெள்ளையாக, முரடாக ஒரு கயிற்றுச் சுருள். கல்லாவில் இருந்த மாமாவின் எதிரில் அதை வைத்தார்.

"கல்நாரு, சாமி. கல்லுலேர்ந்து எடுக்கிற நாரு. பெரிய பெரிய பாய்லருக்கெல்லாம் இத்தத்தான் போடறானுங்கோ. கொழுப்பு கிடையாது, ஒண்ணும் கிடையாது. நானே கடையில நின்னு கேட்டுத்தான் வாங்கினேன். வால்வுல இத்த வெச்சா வருசம் தாங்கும்."

மாமா அதை எடுத்து, பிரித்து, முகர்ந்து பார்த்தார். "கல்லுங்கறே."

"கல்லுதான்."

"தீட்டு இல்லே."

"இல்ல சாமி. நான் மாசா மாசம் வந்து உங்களத் தொல்ல பண்ண வேணாம். பட்டு மாத்த வேணாம், அடுப்படி கழுவ வேணாம். போனவங்கோகூட திரும்பி வருவாங்கோ."

சொல்லும்போது அவர் மாமாவைப் பார்க்கவில்லை, மிஷினைப் பார்த்துக்கொண்டு சொன்னார். எவ்வளவு பெருமை பேசுகிற மனிதர். தன் வாயாலேயே தன் டம்ளரை வேண்டாம் என்று சொல்கிறாரே என்று எனக்கு மனசு என்னவோ செய்தது. மாமா வாங்கிக்கொள்வார் என்றுதான் நான் நினைத்தேன். வாங்கிக்கொள்ள எல்லா நியாயமும் இருந்தது.

மாமா சுருளை மறுபடி சுற்றினார். மேஸ்திரியின் கையைப் பிடித்து, உள்ளங்கையில் அதை வைத்து மூடினார்.

"நன்னா இருக்கு. ஏதாவது மில்லுக்குப் போடு. நமக்குப் பட்டே இருக்கட்டும்."

"பட்டு மாசத்துல வெந்துடுது சாமி."

"வேகட்டுமே. வெந்தாத்தானே நீ வருவே."

மேஸ்திரி கயிற்றைப் பைக்குள் திணித்தார். முகத்தைத் துடைப்பது போல மேல்துண்டால் கண்ணைத் துடைத்தார். பிறகு மாமாவைத் தாண்டி, கூடத்தைத் தாண்டி, அடுப்படி நிலைக்கு வந்து என்னைப் பார்த்தார்.

"இன்னாத்தப் பாத்துக்கினு நிக்கிறே சின்ன சாமி? கரியப் போடு" என்றார்.